தாகமில்லாத சரிவு

அந்தக் கனவை முதலில் வந்து சொன்னவர் கடையநல்லூர் தையல்காரர் காஜா மைதீன். மருந்துச் சோதனை தொடங்கி மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை. ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி டாக்டர் மரியபுஷ்பத்தின் எதிரே உட்கார்ந்திருந்தார். வாந்தி உண்டா, தலைசுற்றல் உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா என்று படிவத்தில் இருந்த கேள்விகளை அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதுவும் இல்லை என்றார். வேறு ஏதாவது உண்டா என்ற கடைசிக் கேள்வி வந்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

“ஒரு கனா வருது டாக்டரம்மா. தெனமும் அதே கனாதான்.”

ஒரு மலைச் சரிவு. மழை ஓய்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கிறது. இடுப்பளவுக்குப் புல். நடுவே ஒரு கரிய பாறை, அதன்மேல் வெளிர்பச்சையாய் ஏதோ கொடி. உச்சியிலிருந்து மூடுபனி இறங்குகிறது. கோட்டுக்குள்ளிருந்து லைனிங் துணி நழுவி வருமே, அந்த மாதிரி இறங்குகிறது என்றார். எங்கு பார்த்தாலும் தண்ணீர் சொட்டுகிறது, ஆனால் தாகம் இல்லை. பதினாறு வருடமாகச் செம்பு செம்பாகக் குடித்தும் நாக்கு வறண்டவர் அவர். அந்தச் சரிவில் நிற்கும்போது தாகம் என்றால் எப்படி இருக்கும் என்பதே நினைவுக்கு வருவதில்லையாம். எதிர்ச் சரிவிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். பெயரைச் சொல்லவில்லை, இருந்தாலும் தன்னைத்தான் என்று தெரிகிறது. அந்தக் குரலில் அவசரமே இல்லை. போகலாம், போகாமலும் இருக்கலாம்.

மரியபுஷ்பம் படிவத்தில் ‘உறக்கம்: இனிய கனவு’ என்று எழுதிவிட்டு அவருடைய ரத்த முடிவைப் பார்த்தாள். வெறும் வயிற்றில் இருநூற்று எண்பதுக்குக் கீழே இறங்காத சர்க்கரை நூற்று எழுபதில் நின்றது.

வீட்டுக்கு இரண்டு பேருக்காவது சர்க்கரை என்று ஆகிவிட்ட காலம் அது. செங்கோட்டைச் சாலையில் பஞ்சுக் கிட்டங்கியாக இருந்த நீளக் கட்டடம் ஒன்று மூலிகை ஆய்வு மையமாக மாறிப் பத்து வருடம் ஆகியிருந்தது. ஆவாரை, நாவல் கொட்டை, சிறுகுறிஞ்சான், மருதம்பட்டை என்று பெயர்பெற்றவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சாறெடுத்து, மாத்திரையாக்கி, ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாமே கொஞ்சம் உதவின. போதுமான அளவுக்கு எதுவும் உதவவில்லை. கடைசியாக வந்தது நீர்மறந்தான் கொடி. மலையில் ஓரிரு ஓடைகளின் கரையில் மட்டும் கிடைப்பது, யாரும் பெரிதாகக் கவனிக்காதது.

அறுபது பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முப்பது பேருக்குக் கொடியின் சாறு அடைத்த குப்பி மாத்திரை. மீதி முப்பது பேருக்கு அதே நிறத்தில், அதே கசப்பில், வறுத்த அரிசிமாவு அடைத்த குப்பி. யாருக்கு எது என்பது வாங்குகிறவர்களுக்கும் தெரியாது, கொடுக்கிற மரியபுஷ்பத்துக்கும் தெரியாது. பட்டியல் சென்னையில் இருந்த மேற்பார்வைக் குழுவிடம் பூட்டிக் கிடந்தது. யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் மனம் உடம்பில் புகுந்து கணக்கைக் கலைத்துவிடும் என்பதற்காக அந்தப் பூட்டு.

அடுத்த புதன்கிழமை இன்னும் ஆறு பேர் அந்தச் சரிவைச் சொன்னார்கள். ஐந்தாவது வாரம் காத்திருப்புக் கூடத்தில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. அது சாரல் காலம். சன்னலுக்கு வெளியே மலை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. உள்ளே ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார், முன்பின் அறியாத பூக்காரம்மா அதை முடிப்பாள். புல்லின் நுனி மடங்கியிருக்கும் பக்கம் எது என்று ஒருவர் கேட்டால் நாலு பேர் ஒரே திசையைக் காட்டுவார்கள். ஒரே ஊரில் பிறந்தவர்கள் வெளியூரில் சந்தித்துக்கொண்டதுபோல் அவர்கள் மெல்லச் சிரித்துக்கொண்டார்கள். மரியபுஷ்பம் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாடியில் இருந்த தாவர வேதியியல்காரர் கோமதிநாயகத்திடம் போய், இது எப்படி நடக்கும் என்று கேட்டாள். அவர் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டதும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

“இந்தக் கொடிய நான் ஏன் எடுத்தேன் தெரியுமா டாக்டர்? இதத் திங்கிற புழு பாதி இலையோட நிறுத்திரும். சாகாது, ஓடாது. சும்மா அங்கனயே படுத்துக் கெடக்கும். வெசம் வச்சுக் கொல்லுத செடி ஆயிரம் இருக்கு. இது ‘போதும்’னு சொல்லுது, அவ்வளவுதான்.”

“புழுவுக்குச் சொல்றது மனுசங்களுக்கு எப்படிக் கேக்கும்?”

“பசி, தாகம் ரெண்டையும் பாத்துக்கிடுத எடம் மூளையில ரொம்பப் பழசு. புழுகிட்ட இருந்த பூட்டுல பாதி நம்மகிட்டயும் இருக்கு. ஒரே சாவி எல்லாருக்கும் ஒரே கதவத் தொறக்குது. பகல்ல சீனி கொறையுது. தூங்கும்போது மூளை அந்தப் ‘போதும்’ங்கறத எப்படியாவது காட்டணும்லா, அதான் ஒரு எடமாக் காட்டுது.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, அழகான விஷயம்தான், ஆனால் சோதனை போச்சு என்றார். அது அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. கனவு காண்கிறவர்கள் கொடியைச் சாப்பிடுகிறவர்கள். காணாதவர்கள் மாவைச் சாப்பிடுகிறவர்கள். சென்னையில் பூட்டி வைத்த பட்டியல் இங்கே கூடத்தில் எல்லார் வாயிலும் இருந்தது.

குழுவுக்கு எழுதினாள். பதில் இரண்டு நாளில் வந்தது. ஆட்களை வெவ்வேறு நேரத்துக்கு வரச் சொல்ல வேண்டும், கனவைப் பற்றிப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கனவை வைத்து யார் எந்தப் பக்கம் என்று ஊகிக்கக் கூடாது. ஊகித்தாலும் அதை எந்தக் காரணம் கொண்டும் பங்கேற்பவரிடம் சொல்லவே கூடாது. பன்னிரண்டு வாரம் முடியட்டும் என்று எழுதியிருந்தார்கள்.

நேரத்தை மாற்றிப் பயனில்லை. எல்லாரும் ஒரே டவுன் பஸ்ஸில்தான் வந்தார்கள். முன்னதாகவே வந்து, முடிந்த பிறகும் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சொல்லாமலே கூடம் இரண்டாகப் பிரிந்தது. கண்டவர்கள் சன்னலோரம். காணாதவர்கள் சுவரோரம். ஆறாவது வாரத்துக்குள் சுவரோரத்திலிருந்து பதினொரு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். மாவைத் தின்பதற்கு எதற்குப் பஸ் ஏறி வரவேண்டும் என்று ஒருவர் போனில் மரியபுஷ்பத்திடம் நேராகவே கேட்டார். அவளால் ஆமென்றும் சொல்ல முடியவில்லை, இல்லையென்றும் சொல்ல முடியவில்லை.

சுவரோரத்தில் விடாமல் வந்துகொண்டிருந்தவர்களில் ஒருத்தி மேலகரம் சங்கரவடிவு. ஐம்பத்தொரு வயது. பன்னிரண்டு வயதிலிருந்து பீடி சுற்றுகிறவள். கணவன் மலைக்கு அந்தப்பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. அவளுடைய அம்மாவுக்கு இந்த நோய் முதலில் ஒரு காலை முழங்காலோடு எடுத்தது, பிறகு மற்றதை. இப்போது இவளுக்கும் பாதம் மரத்துக் கிடந்தது. அதைவிட அவளைப் பயமுறுத்தியது விரல் நுனி. பீடி இலை கையில் படுவது சில நாட்கள் தெரிவதே இல்லை என்று, சோதனையில் சேர்ந்த அன்றே மரியபுஷ்பத்திடம் சொல்லியிருந்தாள். தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழாவது வாரம் காஜா மைதீன் சன்னலோரத்திலிருந்து திரும்பி, “தங்கச்சி, நீ பாத்தியா?” என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. கனிவாகத்தான் கேட்டார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். ஆமா அண்ணாச்சி, நேத்துப் பாத்தேன் என்று வந்துவிட்டது. பூக்காரம்மா உடனே நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

அன்று மரியபுஷ்பத்தின் முன்னால் வந்து அமர்ந்தபோது சங்கரவடிவு கனவைச் சொன்னாள். சரிவு, புல், பாறை, கொடி எல்லாம் இருந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, பனி லைனிங் துணி நழுவுற மாதிரி எறங்குது டாக்டரம்மா என்றாள். மரியபுஷ்பத்தின் பேனா நின்றது. சங்கரவடிவு வாழ்நாளில் கோட்டு ஒன்றைக் கையால் தொட்டிருக்க மாட்டாள். எழுதப்பட்ட விதி மேசையின்மேல் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. நீங்கள் பார்க்கவில்லை என்று சொன்னால், உங்களுக்கு மாவுதான் கொடுத்திருக்கிறோம் என்று சொன்னதாகிவிடும். மரியபுஷ்பம் ‘உறக்கம்: இனிய கனவு’ என்று எழுதினாள்.

சொல்லிவிட்ட பிறகு சங்கரவடிவுக்கு அந்தக் கனவு முழுதாகத் தெரிந்தே ஆக வேண்டியதாயிற்று. பஸ்ஸில் ஆளுக்கு ஒன்றாகக் கேட்டாள். பாறைக்குப் பின்னால் என்ன இருக்கிறது, புல்லின் ஈரம் காலில் படுகிறதா, கூப்பிடுவது ஆண்குரலா பெண்குரலா. கண்டவர்கள் சந்தோஷமாகச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்ததைத்தான் சொன்னார்கள். பாறைக்கு மேற்கே நின்றவருக்கு ஓடை தெரியவில்லை. ஓடைக்கு அருகில் நின்றவருக்கு உச்சி தெரியவில்லை. வீட்டில் முறத்தை மடியில் வைத்து இலையைச் சுருட்டும் நேரமெல்லாம் அவள் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தாள். தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று மறுபடி மறுபடி உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தாள். பொழுது சாய்ந்ததும் படுத்துவிடுவாள். இன்றைக்காவது வருமா என்று கண்ணை மூடிக் காத்திருப்பாள். வருவதெல்லாம் பழைய கனவுகள்தான். பஸ்ஸைத் தவறவிடுவது, அம்மா கட்டிலிலிருந்து கூப்பிடுவது.

கண்டவர்களுக்குச் சர்க்கரை இறங்கிக்கொண்டே போனது. தனக்கும் இறங்க வேண்டுமே என்று திங்கட்கிழமை தொடங்கிப் புதன் காலைவரை மோரும் வெள்ளரிக்காயும் மட்டும் உண்டாள். அடுத்தடுத்த இரண்டு புதன்கிழமையும் ரத்தத்தில் எண் குறைந்து வந்தது. தொடர்ந்து இரண்டு வாரம் எண் குறைந்தால் பழைய மருந்தைப் பாதியாக்க வேண்டும் என்பது சோதனை முறை. மரியபுஷ்பம் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை பன்னிரண்டாம் வாரத்தில்தான் வருகிறது. கையில் இருப்பது இந்த எண் மட்டும்தான். ஊசியைப் பாதியாகக் குறைத்து எழுதிக் கொடுத்தாள். சங்கரவடிவு வீட்டுக்குப் போய் மிச்சப் பாதியையும் விட்டுவிட்டாள். பழைய மருந்துதான் கனவை மறைக்கிறது என்று அவளுக்கு ஓர் எண்ணம்.

அந்த நாட்களில்தான் காஜா மைதீனின் மனைவி மைமூன் மையத்துக்கு வந்தாள். தனியாகப் பேச வேண்டும் என்றாள். பெருநாளுக்குத் தைக்கக் கொடுத்த துணியெல்லாம் கடையில் அப்படியே கிடக்கிறதாம். கேட்டால் தைக்கலாம் என்கிறாராம், தைப்பதில்லையாம். சோறு வைத்தால் உண்கிறார், வைக்காவிட்டால் கேட்பதில்லை. மகன் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டபோது போனைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

“சீனி கொறஞ்சிட்டுன்னு சந்தோசப்பட்டேன் டாக்டரம்மா. இப்பம் மனுசரும் கொறஞ்சிக்கிட்டு வாறாரு.”

மரியபுஷ்பம் அன்று மாலையே கண்டவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்தாள். எல்லா வீட்டிலும் வேறு வேறு வார்த்தையில் இதையேதான் சொன்னார்கள். கோபமில்லை, சண்டையில்லை, ஆசையில்லை. நிம்மதியாக இருக்கிறார்கள். நிம்மதியாக மட்டும் இருக்கிறார்கள். மாடிக்குப் போய்க் கோமதிநாயகத்திடம் சொன்னபோது அவர் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார். பிறகு, புழுவும் அப்படித்தான் படுத்துக் கிடக்கும் என்றார்.

அவள் எல்லாவற்றையும் எழுதிக் குழுவுக்கு அனுப்பினாள். சங்கரவடிவைப் பற்றி ஒரு வரி எழுதலாமா என்று யோசித்து, ஊகத்தை எழுத இடமில்லை என்று விட்டுவிட்டாள். குழு கூடி முடிவெடுக்கப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை நண்பகல், சுற்றிய பீடிக் கட்டுகளைக் கொடுக்க வரிசையில் நின்ற இடத்தில் சங்கரவடிவு விழுந்தாள். தூக்கியவர்கள் அவள் செருப்பைக் கழற்றியபோதுதான் வலது காலில் வார் உரசிய புண் கறுத்துப் போயிருந்தது தெரிந்தது. அவளுக்கு அது வலிக்கவே இல்லை. ரத்தத்தில் சர்க்கரை ஐந்நூற்றைத் தாண்டியிருந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் மூன்று நாள் போராடி உயிரைக் காப்பாற்றினார்கள். பெருவிரலையும் அதற்கடுத்த விரலையும் காப்பாற்ற முடியவில்லை.

மரியபுஷ்பம் பார்க்கப் போனபோது திருப்பூரிலிருந்து வந்திருந்த மகள் வெந்நீர் வாங்க வெளியே போயிருந்தாள். சங்கரவடிவு மேலே சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கட்டுப்போட்ட கால் ஒரு தலையணையின்மேல் இருந்தது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். கேட்டதும் அந்தக் கேள்வி அவளுக்கே கூசியது.

“நான் ஒண்ணும் பாக்கல டாக்டரம்மா” என்றாள் சங்கரவடிவு.

“தெரியும்க்கா.”

“எப்ப இருந்து?”

“நீங்க சொன்ன அன்னைக்கே. பாய் சொன்ன வார்த்தையவே சொன்னீங்க.”

சங்கரவடிவு இன்னும் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரியபுஷ்பம் விதியைச் சொன்னாள். யாருக்கு எந்த மாத்திரை என்று சொல்லக் கூடாது, ஊகமாகக்கூடச் சொல்லக் கூடாது, சொன்னால் அறுபது பேர் பட்ட பாடும் வீணாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே போனாள். சொல்லச் சொல்ல, தான் யாரிடமோ படிவம் வாசிப்பதுபோல அவளுக்கே கேட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“ஒனக்கு மாவுதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒங்கள நல்லா வைஞ்சிருப்பேன். வைஞ்சிட்டு வீட்டுல போயி ஊசியப் போட்டிருப்பேன்” என்றாள் சங்கரவடிவு. குரலில் கோபம் இல்லை. தானாகவே தொடர்ந்தாள்.

“எனக்கும் உள்ளுக்குள்ள தெரியும். ஆனா எல்லாருக்கும் வருதே, நமக்கு மட்டும் ஏன் வராதுன்னு ஒரு இது. கால் போயிரும்னு பயந்துதான் ஒங்ககிட்ட வந்தேன். அப்பறம் பாத்தா கால மறந்தே போனேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தப் புல்லுக்குள்ள நின்னுட்டா போதும்னு ஆயிட்டு.”

மரியபுஷ்பம் அவள் கையைப் பிடித்தாள். நான் சொல்லியிருக்கணும் என்றாள். சங்கரவடிவு கையை விலக்கவில்லை. மகள் வெந்நீரோடு வரும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

குழு சோதனையை நிறுத்தியது. மீதி மாத்திரைகளை எண்ணித் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். பட்டியல் திறக்கப்பட்டு மரியபுஷ்பத்தின் கைக்கு வந்தது. கொடி கொடுக்கப்பட்ட முப்பது பேரும் ஒருவர் பாக்கியில்லாமல் கனவு கண்டிருந்தார்கள். சங்கரவடிவின் பெயருக்கு நேரே மாவு. அவளைப்போலவே மாவைத் தின்றுவிட்டுக் கனவு கண்டதாகச் சொன்னவர்கள் இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள். அந்த எட்டுப் பேரையும் மரியபுஷ்பம் நம்பியிருந்தாள். பெயர்களின்மேல் விரலை ஓட்டி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அந்த எட்டு வீட்டுக்கும் நேரில் போய்ப் பழைய மருந்தைத் திரும்பத் தொடங்க வைத்தாள். யாரிடமும் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை.

மருந்து உடம்பைவிட்டுப் போகும்வரை, எட்டு வாரத்துக்குப் புதன்கிழமைதோறும் எல்லாருக்கும் ரத்தம் பார்க்க வேண்டியிருந்தது. கொடியைச் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை மெல்ல ஏறியது. தாகம் திரும்பி வந்தது. மைமூன் போன் செய்து, மீன்குழம்பு சரியில்லை என்று காஜா மைதீன் இன்றைக்குச் சட்டியைத் தள்ளி வைத்தார் என்று சொல்லும்போது அவள் குரல் சிரித்தது. பெருநாள் துணிகளைப் பெருநாள் முடிந்த பிறகு உட்கார்ந்து தைத்தாராம். வாங்க வந்தவர்களிடம் பேச்சும் வாங்கினாராம்.

மாத்திரையை நிறுத்திய முதல் வாரத்திலேயே கனவு நின்றுபோயிருந்தது. அதைவிட விசித்திரம், கண்டது நினைவிலிருந்தும் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது வாரத்தில் அவர்களுக்குக் கூப்பிட்ட குரல் நினைவில்லை. மூன்றாவது வாரத்தில் கொடி என்ன நிறம் என்று தெரியவில்லை. கோமதிநாயகம், அந்தக் கனவு அவர்களுடைய மூளையில் எங்கும் எழுதப்படவே இல்லை என்று விளக்கினார். மருந்து இருந்தவரை ஒவ்வொரு நாளும் புதிதாக வந்தது. பகலில் அதை நினைத்துப் பார்த்ததும் அந்த மருந்தின் வெளிச்சத்தில்தான். இப்போது வெளிச்சம் போய்விட்டது.

ஐந்தாவது புதன்கிழமை சங்கரவடிவு ஆட்டோவில் வந்து இறங்கினாள். காலில் பெரிய மெத்தைச் செருப்பு, கையில் தடி. ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாள், புண் ஆறிவருகிறது. முறத்தை மடியில் வைத்துப் பழையபடி வேலை தொடங்கிவிட்டதாக மரியபுஷ்பத்திடம் சொன்னாள். பிறகு கூடத்துக்குப் போய்ச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே மலை சுத்தமாகத் தெரிந்தது. சாரல் முடிந்து வெயில் வந்துவிட்டிருந்தது.

சன்னலோரத்தில் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. ஓடை பாறைக்கு இடப்பக்கம் என்றார் தபால்காரர். ஓடையே கிடையாது என்றாள் பூக்காரம்மா. பாறை ஒன்றா இரண்டா என்று யாரோ கேட்டார்கள், ஒருவருக்கும் நிச்சயமில்லை. காஜா மைதீன் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, புல் இருந்தது, புல் மட்டும் இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். காணாமல்போன பொருளைத் தேடுகிறவர்களின் முகமாக இருந்தது எல்லார் முகமும். மரியபுஷ்பம் அறை வாசலில் வந்து நின்றாள்.

“ஒரு பாறைதான்” என்றாள் சங்கரவடிவு. “ஓடை அதுக்குப் பொறத்தால. பாறைக்கு மேக்க நின்னா தெரியாது. கொஞ்சம் எறங்கி வரணும்.”

எல்லாரும் திரும்பினார்கள்.

“ஒனக்கு ஞாபகம் இருக்கா தங்கச்சி?” என்றார் காஜா மைதீன்.

சங்கரவடிவு தடியைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, வாசலில் நின்ற டாக்டரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“நான் அங்க போனதே இல்ல அண்ணாச்சி. எனக்குக் குடுத்தது மாவு. ஒங்ககிட்ட எல்லாம் பொய் சொன்னேன். நீங்க ஒவ்வொருத்தரும் சொன்னத வீட்டுல இருந்து பாடம் பண்ணினேன். அதான் மறக்கல.”

தபால்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுவரோரத்தில் இருந்த ஓரிருவர் தலையைக் குனிந்துகொண்டதை மரியபுஷ்பம் கவனித்தாள்.

காஜா மைதீன் எழுந்து கூடத்தைக் கடந்து வந்தார். ஒரு நாற்காலியை இழுத்துச் சங்கரவடிவுக்கு எதிரே போட்டு, கட்டுப்போட்ட காலில் இடித்துவிடாமல் பார்த்து உட்கார்ந்தார்.

“போனவங்க ஒருத்தருக்கும் நெனப்பில்ல” என்றார். “நீ சொல்லு. மொதல்ல இருந்து சொல்லு.”

ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். நாற்காலிகள் சிமெண்டுத் தரையில் உரசும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டு அடங்கியது. சங்கரவடிவு எந்த இடத்தில் தொடங்குவது என்று யோசித்தாள். பூக்காரம்மா கனவில் நின்ற இடத்திலிருந்து தொடங்கினால் எல்லாம் தெரியும் என்று முடிவு செய்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே, கீழிருந்து மேலாக அந்தச் சரிவைச் சொல்லத் தொடங்கினாள். அவசரப்படவில்லை. ஒன்றையும் கூட்டவில்லை.

ரத்தம் எடுக்கும் பெண் உள்ளேயிருந்து அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் எட்டிப் பார்த்தபோது மரியபுஷ்பம் கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினாள். பிறகு தானும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், எல்லாருக்கும் பின்னால் போட்டு உட்கார்ந்து கேட்கத் தொடங்கினாள்.